நனையும் பஞ்சு

ஊசி குத்தி ரத்தம் எடுத்த இடத்தில் நர்ஸ் வைத்த இரண்டாவது பஞ்சும் நனைகிறது. என் மனைவி அதை விரலால் அழுத்திக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறாள். நாளைக் காலையில் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களாம்மா? கஷாயம், சூரணம், எதுவானாலும் சொல்லுங்க. திட்டமாட்டேன்," என்கிறார் டாக்டர். "இவர் சமையலையே சாப்பிடறேன் சார், அதுக்கு மேல என்ன இருக்கு?" டாக்டர் சிரிக்கிறார். மேஜைக்கு அடியில் அவள் கால் என் காலை அழுத்தி மிதிக்கிறது. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன என் கை அவளுடைய பையின்மேல் இருக்கிறது. உள்ளே நாட்டு வைத்தியர் கொடுத்த கஷாயக் குப்பி. தினம் ஒரு மூடி குடித்தால் ரத்தம் இளகி ஓடுமாம். பஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மணிக்கட்டுக்கு இறங்குகிறது. குப்பியை எடுத்து மேஜைமேல் வைக்கிறேன். "போட்டுக் குடுத்துட்டீங்களே," என்கிறாள், மெதுவாக. டாக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை. "கடைசியா எப்பம்மா குடிச்சீங்க?" அவள் என்னைப் பார்க்கிறாள். "இவர் டோக்கன் வாங்கப் போனப்ப. நாளைக்கு ஆபரேஷனாச்சேன்னு ரெண்டு மூடியா குடிச்சுட்டேன்." நர்ஸ் மூன்றாவது பஞ்சைப் பிரிக்கிறாள்.