கட்டியவர் பெயர்

"ஓட்டுறவர் பேரு?"

"என் பேரு."

"கட்டினவர் பேரு?"

"அதுவும் என் பேருதான். எழுதுங்கண்ணே."

எஞ்சின்களின் பலத்தை அளக்கும் ஷெட்டின் வாசலில் இருந்த கரும்பலகையில் இரண்டு கட்டங்களிலும் அவள் கணவனின் பெயரே ஏறியது. எழுதி முடித்ததும் மிச்சமிருந்த சாக்பீஸ் துண்டை அவன் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கையில் எது கிடைத்தாலும் பைக்குள் போடுகிற பழக்கம்.

அவள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள்.

நான்கு மாதம். பல் மருத்துவமனையின் பின்னறையில் செயற்கைப் பல் செய்வது அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், பல் தேய்க்கிற அதே சின்ன மெஷினோடு சமையலறை மேசையில் உட்கார்ந்துவிடுவாள். அவர்களுடைய முப்பது வருஷப் பழைய ஜப்பான் காரின் எஞ்சின் மேல்பாகம், ஹெட், அங்கே கிடக்கும். அதில் காற்று நுழையும் வழிகள் நான்கு. விரலை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். சின்ன மேடு, சின்னப் பள்ளம். தேய்க்கத் தேய்க்க, அந்த வளைவில் வழுக்கிப் போவது காற்றா தானா என்று மறந்துபோகும். அடுப்பில் வைத்தது தீய்ந்த நாளும் உண்டு.

எஞ்சினைப் பூட்டியதும் அவள்தான். கணவனுக்குத் தெரிந்தது ஓட்ட. அப்புறம் துடைக்க.

"ஏங்க, ஒரு பேச்சுக்காவது 'நாங்க'ன்னு சொல்லக் கூடாதா?"

"முதல்ல ஓடட்டும்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஓடட்டும். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். எஞ்சின் நூற்றைம்பது குதிரைத்திறனைத் தொட்டதும், எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவாள்: இது என் கை.

உள்ளே பழைய கார்ப் பித்தர்கள் பத்துப் பதினைந்து பேர். அங்கே சொந்தப் பெயர் செல்லாது. ஒரு எஞ்சின் படுத்துக்கொண்டால், எதனால் படுத்ததோ அதுவே கட்டியவருக்குப் பெயராகிவிடும். ரேடியேட்டர் மூடியை மறந்த ஷெட்காரர், 'ஆவி'. ஸ்பேனரை உள்ளேயே வைத்து மூடியவரைப் பேரன்கூட 'ஸ்பேனர் தாத்தா' என்றுதான் கூப்பிடுகிறான்.

"மாப்ளே, நீ ஒருத்தன்தான் இன்னும் சொந்தப் பேரோட சுத்துற," என்றார் ஸ்பேனர்.

"உங்களுக்குப் பொறாமை."

"ஊரே காத்திருக்குடா."

காரை உருளைகள்மேல் ஏற்றினார்கள். சக்கரம் சுழலும், கார் நகராது. அதன் பலம் திரையில் எண்ணாக ஓடும். கணவன் விளக்கைப் போட்டான். மூடிக்கிடந்த முன்விளக்குகள் இரண்டும், தூக்கம் கலைகிற இமைகளாக, மெல்ல எழுந்தன.

நூறு. நூற்றிருபது.

கூரைத் தகட்டு ஓட்டைகள் வழியே விழுந்த வெயிலில் தூசி மிதந்தது. எஞ்சின், வாயை மூடிக்கொண்டு யாரோ பாடுவதுபோல முனகியது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காற்று இப்போது எங்கே திரும்புகிறது, எங்கே வழுக்குகிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தாறு.

பிறகு அந்தச் சத்தம். தட்டைக் கரண்டியால் சுரண்டினாற்போல.

எஞ்சின் நின்றது.

சூடு ஆறியதும் ஆவி மேல்மூடியைக் கழற்றினார். எண்ணெய் மினுங்க வேண்டிய இடம் காய்ந்து கிடந்தது. எண்ணெய் வரும் துளைக்குள் எதையோ கண்டு இடுக்கியால் இழுத்தார். வந்தது, சுருட்டிய வெள்ளைப் பஞ்சு.

தேய்க்கும்போது உலோகத் தூள் உள்ளே போகாமலிருக்க அவள் அடைத்தது. எட்டு அடைத்தாள். ஏழுதான் எடுத்திருக்கிறாள்.

"பல்லு பிடுங்கினா வாயில வைப்பாங்களே, அதுல்ல இது?" என்றார் ஸ்பேனர். "எஞ்சினுக்கு எத்தனை பல்லு ஆடிச்சு மாப்ளே?"

ஷெட்டே சிரித்தது.

"யாரு வச்சது இதை?" என்றார் ஆவி.

'என் கை' என்று சொல்லக் காத்திருந்த வாய், திறக்கவில்லை.

"நான்தான்," என்றான் கணவன். "இவ பையிலேர்ந்து எடுத்து வச்சேன். மறந்துட்டேன்."

"பஞ்சு!" ஸ்பேனர் கைதட்டினார். "வந்தாச்சுடா பேரு!"

"நல்ல பேருதான். எடை கம்மி," என்றான் கணவன்.

ஆவி சிரிக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி, காற்று நுழையும் வழிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு விரலை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். வெகு நேரம் விரலை எடுக்கவில்லை.

"இதைத் தேய்ச்சது யாரு?" குரல் இறங்கியிருந்தது. "இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணை நான் தொட்டதில்ல."

"அது இவ," என்றான் கணவன். "பஞ்சு மட்டும்தான் நான். மத்ததெல்லாம் இவ கட்டினது."

"இல்லண்ணே, அந்தப் பஞ்சும்..." என்று அவள் ஆரம்பித்தாள். அவன் ஷூ அவள் பாதத்தின்மேல் ஏறி அழுத்தியது.

ஆவி கரும்பலகையைத் திருப்பி வைத்து, 'கட்டியவர்' கட்டத்தை ஈரத்துணியால் துடைத்தார்.

"உன் பேரு என்ன தங்கச்சி? முழுசாச் சொல்லு. சாக்பீஸ் எங்கய்யா?"

கணவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு, காலையில் வாங்கிய துண்டை எடுத்து நீட்டினான்.

"இந்தாங்க. ஓடினதும் இவ பேரை எழுதணும்னு எடுத்து வச்சிருந்தேன்."

அவர் எழுதி முடிக்கும்வரை அந்த ஷூ அவள் பாதத்தைவிட்டு இறங்கவில்லை.