பன்னிரண்டாம் மாதத்து மாத்திரை

ஒரே ஒரு திருவான்மியூரிலே ஒரே ஒரு மருந்துக் கம்பெனி இருந்ததாம். அந்தக் கம்பெனியிலே ஒரே ஒரு சாம்பிள் அலமாரி. அலமாரிக்கு மட்டும் ரெண்டு சாவி. வம்பே அதனால்தான்.

ஒரு சாவி அட்டெண்டர் இசக்கிமுத்துவிடம். இன்னொன்று தலைமை கெமிஸ்ட் ஸ்ரீனிவாசராகவனிடம். உள்ளே, குழந்தைகள் சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு வைட்டமின் மாத்திரை. எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எடுத்துச் சோதிப்பார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம், ஒரு சாயங்காலம்.

"சார், இந்த மாத்திரைக்கு வயசு ஏற ஏறச் சத்தும் ஏறுது!"

கிராஃப் தாளோடு ஸ்ரீனிவாசராகவன் முன்னால் வந்து நின்றாள், மாத்திரையைச் சோதிக்கும் கிளாடிஸ். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் நிரந்தரம் செய்வார்கள்.

தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்று மூன்று சதவீதம் என்று ஒழுங்காகப் படியிறங்கி வந்த புள்ளி, பன்னிரண்டாம் மாதம் தொண்ணூற்றாறுக்குத் தாவியிருந்தது.

"தொண்ணூறுக்கு மேல இருக்கோல்லியோ? பாஸ்! எழுதிட்டுப் போம்மா."

"பாஸ்தான் சார். ஆனா நாளானா சத்து குறையும், ஏறாதே? இதை நம்பி லேபிள்ல ரெண்டு வருஷம்னு போட்டா, வாங்குற குழந்தைக்கு வெறும் மிட்டாய்தானே கிடைக்கும்?"

"அப்போ உன் கைதான் தப்பு. அளக்கத் தெரியாதவாளை எப்படிப் பெர்மனென்ட் பண்றது?"

கிளாடிஸுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் பாட்டிலில் மிச்சமிருந்ததை வெள்ளைத் தாளில் கொட்டினாள்.

"பாருங்க சார். பழசெல்லாம் மங்கி, பழுப்புப் புள்ளி விழுந்திருக்கு. நடுவுல பத்து மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு! யாரோ பழசைத் தின்னுட்டு, எண்ணிக்கை குறையாம புதுசைப் போட்டு வச்சிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ? இசக்கிமுத்து!"

இசக்கிமுத்து வந்தார், வாய் நிறைய வெற்றிலையோடு.

"மாத்திரையைத் தின்னியா?"

"எனக்கு எதுக்குய்யா மாத்திரை? நல்லாத்தானே இருக்கேன்?"

"கண்டுபிடிச்சிடலாம் சார்," என்றாள் கிளாடிஸ். "மாத்திரையோட ஆரஞ்சுச் சாயம் அரை நாளைக்கு நாக்கை விட்டுப் போகாது."

ஸ்ரீனிவாசராகவன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "காட்டுய்யா நாக்கை!"

இசக்கிமுத்து நீட்டினார். ஒரே சிவப்பு.

"பார்த்தியா? சாயத்தை மறைக்க வெத்தலை! நானும்தான் இருக்கேன். சர்க்கரை வியாதின்னு டாக்டர் சொன்னார். எட்டு வருஷமா காபிக்குக்கூடச் சர்க்கரை கிடையாது. மனுஷனுக்கு நாக்குக் கட்டுப்பாடு வேணும்யா!"

இசக்கிமுத்து அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாங்கய்யா தின்னேன். இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அதை நிரந்தரம் பண்ணிடுங்க."

"உன்னை வேலையை விட்டே தூக்கணும். போனாப் போறது. சாவியை இப்படிக் குடு, ரெண்டும் என்கிட்டயே இருக்கட்டும். கிளாடிஸ், நாளைக்கு சீல் உடைக்காத பாட்டில்லேர்ந்து மறுபடி டெஸ்ட் பண்ணு. உன் கையில தப்பில்லேன்னு எழுதிடறேன்."

'என்ன அண்ணே நீங்க' என்பதுபோல் இசக்கிமுத்துவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளாடிஸ் போய்விட்டாள்.

ஸ்ரீனிவாசராகவன் மயிலாப்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசல்வரை கூடவே வந்த இசக்கிமுத்து, மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, மடித்து நீட்டினார்.

"இதை மென்னுக்கிட்டே போங்கய்யா. நாக்கு இன்னும் ஆரஞ்சாத்தான் இருக்கு. வீட்டுல அம்மா கண்டுபிடிச்சிருவாங்க."

ஸ்ரீனிவாசராகவன் வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு சாவியையும் இசக்கிமுத்துவின் கையில் வைத்துவிட்டு, வாயே திறக்காமல் நடந்தார்.