வசந்தாமணியின் மேசை விரிப்பு

“வலது கால் அம்மணி, வலது கால்!”

“இதுங்களா ஐயா?”

“அது இடது.”

தீர்த்தகிரி தலையில் கை வைத்துக்கொண்டார். ஊடை நூலை ஓட்டும் நாடா தறியை விட்டுப் பறந்து, கொல்லையில் மேய்ந்த சேவல் மேல் விழுந்தது. அந்தச் சேவல் அப்புறம் கூவவே இல்லை என்று சூரமங்கலத்தில் இன்னும் சொல்வார்கள்.

யுத்த காலம். ரயில் ஆபீஸ் குமாஸ்தா அருணகிரி, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாப்பாட்டு மேசையை ஏலத்தில் எடுத்து வந்தார். அதற்குத் தன் கையால் நெய்த விரிப்பைத்தான் போடுவேன் என்றாள் மனைவி வசந்தாமணி. கொட்டகையில் குழித்தறி போட்டாயிற்று. நூல் பஞ்சத்திலும் எப்படியோ தறியில் நீளவாட்டில் கட்ட ஒரே ஒரு பாவு கிடைத்தது. நெசவு சொல்லிக்கொடுக்க, நூலில்லாமல் வேலையற்றிருந்த நெசவாளர் தீர்த்தகிரி வந்தார். கூலி, மத்தியானச் சாப்பாடும் சாயங்காலம் மடி நிறைய ராகியும்.

பகலெல்லாம் நெய்வாள். அந்தியில் பார்த்தால் ஓரம் பாம்பாக நெளியும்.

“பிரிச்சுருங்க அம்மணி” என்பார். பிரிப்பாள். மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

“நூல் இல்லாம நம்ம தறி தூங்குது. அந்தம்மா நூலை வெச்சு வெளையாடுது” என்றாள் அவர் மனைவி சின்னாயி.

“வசதியான ஊட்டுப் புள்ளை, வெளையாடட்டும். எனக்குத்தான் உசுரு போகுது. கண்ணு எரியுது, இடுப்பு ஒடியுது. நின்னுக்கறேன்.”

“நின்னுட்டு? தெருவே கஞ்சித்தொட்டியில வரிசை நிக்குது. நீங்க வருவீங்களா?”

“வேலை செய்யாம ஒருத்தர் கையில ஒரு வாய் வாங்க மாட்டேன்.”

“அப்ப அந்தம்மா தறியிலயே கெடங்க, போங்க.”

மறுநாள் வசந்தாமணி சேந்தமங்கலத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். தீர்த்தகிரிக்குப் பொறுக்கவில்லை. இன்றோடு இந்தத் தொல்லையை முடித்துவிடலாம் என்று குழியில் இறங்கினார். அவர் தறி ஓட்டிய சத்தத்தில் வண்டி வந்துவிட்டதென்று ஸ்டேஷனில் நாலு பேர் மூட்டையைத் தூக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் திரும்பியபோது முழு விரிப்பும் தறியில் இருந்தது. ஓரம் நூல் பிடித்தது போல.

“முடிஞ்சுது அம்மணி. அறுத்துக் கையில குடுத்துட்டு நான் கெளம்பறேன்.” கத்தியை எடுத்தார்.

“அறுக்காதீங்க!”

கட்டியிருந்த பட்டுச்சேலையோடு குழிக்குள் குதித்தாள். கால்கள் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி அழுத்த, நெய்த ஊடை நூல் சரசரவென்று பிரிந்து உருவிக்கொண்டு வந்து, நூல் சுற்றும் தார்க்குச்சியில் ஏறியது. நடுவில் ஓர் இழை அறுந்தது. பார்க்காமலே முடி போட்டாள்.

தீர்த்தகிரியின் கத்தி அப்படியே நின்றது.

“அம்மணி... உனக்குப் பொறந்த ஊடு எது?”

“எடப்பாடிங்க. தறி ஊடு. நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே மிதி பழகினவ நான்.”

“அப்புறம் எதுக்கு சாமி, என்னை இந்தப் பாடு படுத்தினே?”

அவள் நிமிரவில்லை. கை மட்டும் பிரித்துக்கொண்டே இருந்தது.

“ஊருக்கு நூல் வர்ற வரைக்கும் இந்த விரிப்பு முடியக் கூடாதுங்க ஐயா. நீங்கதான் சும்மா குடுத்தா கஞ்சிகூட வாங்க மாட்டீங்களாமே!”