கைப்பிடியின் நடுக்கம்

பழையது, புதியது என இரண்டு பயிற்சி ஜெட் விமானங்களையும் ஓட்டிப் பார்த்து விமானி எட்வின் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் எது நிலைக்கும் என்பது முடிவாகும். தோற்றது பழைய இரும்புக்குப் போகும். வேகம், எரிபொருள், பாதுகாப்பு என்று எல்லாக் கட்டத்திலும் புதியதுதான் ஜெயித்தது. பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. வேகம் குறைந்து விழப்போகும் முன் பழைய ஜெட்டின் கைப்பிடி உள்ளங்கையில் நடுங்கும். அந்த நடுக்கம்தான் அவரை இரண்டு முறை உயிரோடு தரையிறக்கியது. அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

மெக்கானிக் மாசிலாமணி பழையதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லபடியா எழுதிட்டீங்களா சார்?"

"உள்ளத உள்ளபடி எழுதிட்டேன்."

"அது போதும் சார், நம்ம வண்டிக்கு" என்றபடி மாசிலாமணி துணியை நனைத்துப் பிழிந்து, இறக்கையைத் துடைக்கத் தொடங்கினார்.