ரேடியோ யார்?

திரையில் ரேடியோ வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் டேப்லெட்டின் மேல் கவிழ்ந்தது. மேசையருகே நின்ற அவளும்தான்.

தமிழ் எடுப்பவள். பிள்ளைகளுக்குத் தமிழம்மா.

அந்த அரசுப் பெண்கள் பள்ளிக்கு டேப்லெட் வந்த பிறகுதான் அவள் பாடத்துக்கே உயிர் வந்தது. தினமும் ஆளுக்கொரு வரிச் செய்தி எழுத வேண்டும். புனைபெயரில் எழுதலாம். எழுதியது எல்லார் திரையிலும் தெரியும். தொண்டை வற்றக் கேட்டாலும் வாய் திறக்காத பிள்ளைகள், இப்போது போதும் என்றாலும் கையை எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

அதிலும் ரேடியோ என்ற புனைபெயரில் எழுதுபவள் தனி ரகம்.

‘சத்துணவு சாம்பாரில் காணாமல் போன பருப்பைத் தேடும் பணி இரண்டாம் நாளாகத் தீவிரம்.’

இது நேற்று. இன்று:

‘தமிழம்மா தலையில் மல்லிகை. வீட்டில் சண்டை இல்லை என நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.’

தமிழம்மாவுக்குப் புரையேறியது. கழுதைக்கு எவ்வளவு கொழுப்பு என்று நினைத்துக்கொண்டாள். ஆசையாகத்தான்.

யாருடி ரேடியோ என்று பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி உலுக்கினார்கள். தமிழம்மாவுக்கு மட்டும் தெரியும். ஆசிரியர் திரையில் புனைபெயருக்குப் பக்கத்தில் சொந்தப் பெயரும் வரும்.

சங்கரவடிவு. ஜன்னலோரம்.

அவளும் மற்றவர்களைப் போலவே யார் யார் என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தாள், திருடி. முகத்தில் அப்படியொரு களிப்பு.

அத்தோடு விட்டிருக்கலாம்.

நன்றாக எழுதியவளை எழுப்பி வாசிக்கச் சொல்லி, கைதட்டி உட்கார வைப்பது தமிழம்மாவின் பழக்கம். பாராட்டு என்றால் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“ஏட்டி சங்கரவடிவு, நீதான அந்த ரேடியோ. எந்திச்சு உன் வாயாலயே வாசி, பாப்போம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது.

சங்கரவடிவுக்குத் திக்கும். எந்த ஆசிரியரும் அவளை எழுப்புவதில்லை.

தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் எழுத்து திக்கவில்லையே. அந்த வரிகளைப் படித்துப் படித்து மறந்தே போயிருந்தது.

அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

‘த’ என்றாள்.

‘த.’

கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் ‘த’.

பின் பெஞ்சில் ஒருத்தி, உதவுவதாக நினைத்து, முழுவதையும் கடகடவென்று வாசித்து முடித்தாள்.

வகுப்பு சிரித்தது. செய்திக்குத்தான் சிரித்தது. நின்றுகொண்டிருப்பவளுக்கு அதை எப்படிப் புரிய வைப்பது?

தமிழம்மா அவளை உட்காரச் சொன்னாள். எல்லாரையும் கைதட்டச் சொன்னாள். தட்டினார்கள். அது அதைவிட மோசமாக இருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே இவள் வாயால் கெட்டது வேறொருத்தி. அன்று முழுவதும் தமிழம்மாவுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

பிள்ளைகளுக்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது. தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.

மறுநாள் திரையைத் திறந்தால், வரிசையாக ரேடியோ.

ரேடியோ. ரேடியோ. ரேடியோ.

எல்லாரும் அதே பெயரைப் போட்டிருந்தார்கள். மணியடிக்க மறந்த பியூனைப் பற்றி ஒரு செய்தி. தலைமையாசிரியையின் குடையைப் பற்றி ஒன்று. எதிலும் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இருந்தாலும் எழுதியிருந்தார்கள், தங்கங்கள்.

தமிழம்மாவுக்குக் கண் கலங்கியது. ஜன்னல் பக்கம் பார்க்காமல் திரையையே பார்த்தாள். வா, வடிவு. இப்போது எது நீ என்று பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. நீயும் உள்ளே வந்து ஒளிந்துகொள். மனதுக்குள் கெஞ்சினாள்.

கடைசியாக ஒரு வரி வந்தது. சொந்தப் பெயரில்.

‘சங்கரவடிவு: உள்ளேன் அம்மா.’