தடித்த எழுத்து

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற கதையில்லை. சத்தம் போட்ட ஒருத்தரைப் பத்தின கதை.

நெய்வேலியில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வராத நேரம். பதினெட்டாவது பிளாக்குக்கு எதிரே தமயந்தி நடத்துகிற பிரவுசிங் சென்டரில், மூணாவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் மெர்லின்.

"திங்கக்கிழமையே வந்திருக்குப்பா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இன்டர்வியூ. யாரோ தொறந்து படிச்சிருக்காங்க!"

நர்சிங் முடித்த பெண். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டுவிட்டு, தினம் சாயங்காலம் வந்து மெயில் பார்ப்பாள். விளம்பரக் குப்பை நூறு கிடக்கும். படிக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்கும், படித்துவிட்டால் மெலிந்துவிடும். அதனால் தடித்ததை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

செவ்வாய் வந்தாள். இல்லை. புதன் வந்தாள். இல்லை.

"வரலியா? நல்லாப் பாத்தியா?" என்று அப்பா தைரியநாதன் ரெண்டு நாளும் கேட்டார். வியாழக்கிழமை அவருக்கே பொறுக்கவில்லை. மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்தவர், டீகூடக் குடிக்காமல் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"மெலிஞ்சதையும் ஒண்ணொண்ணா தொறந்து பாரு பாப்பா."

அப்படித் திறந்தபோதுதான் கிடைத்தது.

கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தைரியநாதன் எழுந்தார்.

"ஏம்மா தமயந்தி! கடை நடத்துறியா, களவாணித்தனம் நடத்துறியா?"

"அண்ணே, பொறுமையாப் பேசுங்க."

"என்னா பொறுமை? அடுத்தவங்க மெயிலத் தொறக்கறதும் அடுத்தவன் வூட்டு பீரோவத் தொறக்கறதும் ஒண்ணுதான். எம் பொண்ணு பொழப்பே போயிருக்கும்!"

அவர் பேசினால் எடுபடும். ஷிப்ட் பஸ்ஸில் பேப்பரை விரித்துக் கம்ப்யூட்டர் பக்கத்தைப் படித்துக் காட்டுகிறவர் அவர்தான். "இன்டர்நெட்டுங்கறது கதவில்லாத வூடு. பேங்கு நம்பரப் போட்டியா, தொலைஞ்ச!" என்பார். வைரஸ் என்றாலும் அவரிடம்தான் கேட்பார்கள்.

பக்கத்து நாற்காலியில் கனகம். மகன் சிங்கப்பூரிலிருந்து மெயில் போடுவான், அதற்காக வருகிறவள்.

"வயசுப் பொண்ணோட மெயிலாச்சே. எவனாவது எழுதுறானான்னு பாத்திருப்பாங்க. ஏண்டி, உன் பாஸ்வேர்டுதான் என்னா?"

"அத எப்படிக்கா..."

"அட, சொல்லுடி."

"அப்பாவோட எம்ப்ளாயி நம்பர்."

கடையில் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். டவுன்ஷிப் பிள்ளைகளுக்குத் தன் பிறந்தநாள் தெரிவதற்கு முன்னே அப்பா நம்பர் மனப்பாடம். ஆஸ்பத்திரியில் கேட்டாலும் அதுதான், ஸ்கூல் ஃபாரத்திலும் அதுதான். பாஸ்வேர்டு என்று கேட்டால் கை தானாக வேறெதை அடிக்கும்?

மெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, இந்த ரெண்டு மூணு நாளா இந்தக் கம்ப்யூட்டர்ல யாரு உக்காந்தாங்க? உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல?"

தமயந்திக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"செவ்வாக்கிழம... ஃபர்ஸ்ட் ஷிப்ட் வுட்டு, ரெண்டே முக்கா இருக்கும்..."

சொல்லிக்கொண்டே தைரியநாதனைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் கத்தியவர் சத்தமில்லாமல் நின்றார். கையில் இருந்த ஹெல்மெட் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் தமயந்தியைப் பார்க்கவில்லை. அழுது வீங்கிய மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமயந்தி மெர்லின் பக்கம் திரும்பினாள்.

"கடையில யாருமில்ல. முந்தின நாள் உன் மெயிலு மூடாம நின்னுக்கினு இருந்திச்சி. நான்தான் பாத்து மூடியிருக்கணும். தூசி தட்டறப்போ கை பட்டு அந்தக் கடுதாசி தொறந்துக்கிச்சி. உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னுதுதான் மெர்லின். மன்னிச்சிக்க."

கனகம் சடக்கென்று எழுந்தாள்.

"அப்போ எம் புள்ள எழுதுறதையும் இப்பிடித்தான் தூசி தட்டுவியா? வேணாம்மா. நான் மந்தாரக்குப்பத்துல இருக்கற கடைக்கே போயி பாத்துக்கறேன்."

அவள் பின்னாலேயே இன்னும் மூணு பேர் போனார்கள். தமயந்தி தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாதிக் கடை காலி.

தைரியநாதன் மகளுக்குப் பக்கத்தில், கனகம் விட்டுப்போன நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு.

"சரி வுடு பாப்பா. ஆறு மணி பஸ்ஸப் புடிச்சா ராத்திரிக்குள்ள சென்னை போயிடலாம். நானே கூட்டிக்கினு போறேன்."

தமயந்தி இன்டர்வியூ கடிதத்தைப் பிரின்ட் எடுத்து, மடித்து, மெர்லின் கையில் கொடுத்தாள்.

"கெளம்பறதுக்கு முன்ன ஒரே ஒரு வேலை. புது பாஸ்வேர்டு போட்டுடு. உன் மனசுக்கு மட்டும் தெரிஞ்சதாப் போடு. நான் பாக்க மாட்டேன்."

சொன்னபடியே ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். மெர்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீபோர்டில் விரலை வைத்தாள்.

"நீங்களும் செத்த ரோட்டப் பாருங்கண்ணே" என்று, தைரியநாதன் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியை மெதுவாகத் திருப்பிவிட்டாள் தமயந்தி.