வெள்ளை ஷீட்

“ஓட்டு விளிம்புக்குக் கீழ, எறவாரத்துப் பலகை பூராவும் உளுத்துப்போச்சுங்க. கழட்டிப்போட்டுப் புதுசு அடிக்கோணும்,” என்றார் மரவேலைக்கு வந்த யூனுஸ்.

“உங்ககிட்ட யோசனை கேக்கலீங்க,” வீட்டுக்காரர் காளிச்சாமி சீறினார். “மேல பிவிசி ஷீட்ட அடிச்சு மூடுங்க. நாளைக்கு ஊடு வாங்கறவங்க பாக்க வாராங்க.”

“அவுங்க தலைல உழுந்துட்டா?”

“அது அவன் தலையெழுத்து. வேலையப் பாருங்க.”

யூனுஸ் முகம் சிவக்க ஏணியில் ஏறினார். மாலை வரை கீழே நின்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார் காளிச்சாமி.

“இதெல்லாம் ஒரு வேலையா? போன வாரம் கருமத்தம்பட்டியில, மாரியம்மன் கோயிலுக்கு எதுத்தாப்ல ஒரு ஓட்டு ஊடு வாங்கிக் கிரயம் பண்ணுனேன். அங்க எறவாரத்தப் போய்ப் பாருங்க, வெள்ளை வெளேர்னு.”

யூனுஸ் நிதானமாக இறங்கினார்.

“அதையும் நாந்தான் மூடுனேனுங்க. உழுந்துருமுன்னு அந்த ஊட்டுக்காரர்கிட்டயும் சொன்னேன். அவரும் உங்களாட்டவே, தலையெழுத்துன்னாருங்க.”